ஒரு தட்டு மட்டும்

— என்னடி இது, ஒரே ஒரு தட்டு?

— உங்களுக்குத்தான். உக்காருங்க.

— உன்னோடது?

— நான் சாப்பிட்டாச்சு.

— சாப்பிட்டாச்சா! எப்ப?

— காலையில வேலைக்கு நடுவுல கொஞ்சம். மத்தியானம் பசிச்சப்ப கொஞ்சம். முடிஞ்சுது.

— விளையாடாத. கல்யாணமான நாள்லேருந்து மத்தியானச் சோறு நாம சேர்ந்துதான் சாப்பிடுறோம்.

— ஆமா. நீங்க பஸ்ஸக் கொண்டுபோய் டிப்போவுல விட்டுட்டு வர்றதுக்குள்ள சாயங்காலமே ஆயிடும். அது வரைக்கும் நான் வயித்தக் கட்டிக்கிட்டு தையல் மெஷின்ல உக்காந்திருப்பேன். இனிமே மாட்டேன்.

— என்ன திடீர்னு?

— திடீர்னா? இந்த விரலப் பாருங்க.

— அது... ஊசி ஏறினது. ஆறிடுச்சே.

— ஆறிடுச்சு. ஏன் ஏறுச்சு? மத்தியானம் தாண்டினா கண்ண இருட்டுது, கை வெடவெடன்னு நடுங்குது. அன்னிக்குத் துணியத் தள்ளுறேன்னு விரலத் தள்ளிட்டேன். அடுத்த தடவ எலும்புல ஏறும். அப்புறம் யாரு தைக்கிறது? நீங்களா?

— ரத்தம் கம்மியா இருக்கும்னு அப்பவே சொன்னேன்ல... டானிக்...

— குடிச்சேன். நாக்கு கறுத்ததுதான் மிச்சம்.

— எங்க அக்கா சொன்ன பேரீச்சம்பழம்?

— தின்னேன். உங்க தங்கச்சி சொன்ன முளைகட்டின பயறும் தின்னேன். வயிறு பலூன் மாதிரி ஊதிப்போச்சு. எதிர்வீட்டுக்காரி, "காலையிலேயே மூக்குமுட்டத் தின்னுடு, மத்தியானம் வரைக்கும் தாங்கும்"னா. தின்னுட்டு மெஷின் மேலயே தூங்கி வழிஞ்சேன்.

— அப்ப உனக்கு எதுதான்டி ஒத்துக்குது?

— அதைத்தான் சொல்ல வர்றேன், விட்டாத்தானே! அவங்கவங்க உடம்புக்கு எது சரியோ அதை எனக்குச் சொன்னாங்க. என் உடம்ப யாரு கேட்டா? போன வாரம் நானே கேட்டுப் பார்த்தேன். பசிச்சா கொஞ்சம். மறுபடி பசிச்சா இன்னும் கொஞ்சம். அதே சோறு, அதே குழம்பு. நேரம்தான் வேற. கை நடுங்கவே இல்ல.

— போன வாரமேவா? ஏய்... நேத்துகூட என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியே!

— எங்க சாப்பிட்டேன்? நாலு பருக்கையத் தட்டுல உருட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க கவனிச்சாத்தானே.

— அடிப்பாவி!

— நடிச்சது போதும்னுதான் இன்னிக்குத் தட்டையே எடுத்து வைக்கல.

— ம்...

— என்ன "ம்"?

— ஒண்ணுமில்ல. நான் ஒருத்தன்... பல்லுல பச்சத்தண்ணிகூடப் படாம, வீட்டுக்குப் போனா அவகூட உக்காந்து சாப்பிடலாமேன்னு ஓடி வர்றேன்...

— பச்சத்தண்ணிகூட இல்லாமலா?

— ஆமா.

— தினமுமா?

— பின்ன?

— ஐயோ பாவமே. அப்ப தட்ட இப்படித் தள்ளுங்க. இன்னொரு கரண்டி வைக்கிறேன்.

— போதும், போதும்...

— காலையிலேருந்து பட்டினி கிடந்தவருக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? இந்தாங்க.

— ஏய், மலையாக் குவிக்காதடி!

— சாப்பிடுங்க. நானும் இங்கயேதான் உக்காந்திருக்கப் போறேன். தட்டுதானே இல்ல, நான் இருக்கேன்ல?

— நீயும் ஒரு வாய் வாங்கிக்கயேன். எனக்காக.

— மாட்டேன்.

— ஒரே ஒரு வாய்...

— நீங்க கெஞ்சினாலும் சரி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாலும் சரி. விரல் என்னுது, வயிறும் என்னுது. அது கேக்குற நேரத்துக்குத்தான் இனிமே போடுவேன்.

— உன் பிடிவாதம் இருக்கே...

— ஆமா, பிடிவாதம்தான். அதுசரி, நீங்க என்ன, பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?

— சூடா இருக்கு.

— அது ஆறி அவலாப் போயி எவ்வளவு நேரமாச்சு!

— இதோ, சாப்பிடுறேன்ல...

— என்னங்க, முழி பிதுங்குது?

— முடியலடி.

— அவ்வளவு பசியோட வந்தவருக்கு நாலு வாய்கூட இறங்கலையா?

— அது... உன்மேல வருத்தம். வருத்தத்துல தொண்டைய அடைக்குது.

— வருத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க டிப்போ கேன்டீன் அக்கா நேத்து துணி தைக்கக் குடுக்க வந்தாங்க. பஸ் ஓட்டுறவருக்குப் பசி தாங்காதாம், மத்தியானமே அங்க வயிறாரச் சாப்பிட்டுடுவீங்களாம். "வீட்டுல அவ எனக்காகப் பட்டினியாக் காத்திருக்கா, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சுடுவா, சொல்லிடாதீங்கக்கா"ன்னு கெஞ்சினீங்களாமே? நான் உங்களுக்காக விரல்ல ஊசி ஏத்திக்கிட்டேன், நீங்க எனக்காக இத்தன வருஷமா ரெண்டு சாப்பாடு சாப்பிட்டுட்டு தினமும் மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்திருக்கீங்க... எந்திரிங்க மனுஷா, கையக் கழுவிட்டு வந்து சும்மா உக்காருங்க, பேசிக்கிட்டு இருப்போம்.