தொப்பி விழாத மாட்டுக்காரர்

நயினார்கோவில் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு தகப்பனும் மகளும். "அமெரிக்காவுல மாடு மேய்க்கிறவுக படத்த வீட்டுச் சுவத்துல மாட்டி வைக்கிறாக. நீங்க ஒரு கிடைமாட்டுக்காரருக்கு என்னயத் தர மாட்டேங்கிறீக" என்று அவள் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"எவன் சொன்னான்?"

அவள் கைப்பேசியை நீட்டினாள்.

"ஆத்தாடி! குதிரையில பறக்குறானே! ஓடுற கன்னுக்குட்டி கழுத்துல கயிறு சரியா விழுது பாரு. இம்புட்டு ஓட்டத்துலயும் தொப்பி விழல! ராசா வீட்டுப் பிள்ளையா?"

"மாட்டுக்காரருதான்யா. அந்தக் காலத்துல ஆயிரக்கணக்கான மாட்ட மாசக்கணக்கா ரயிலடிக்கு ஓட்டிக்கிட்டுப் போவாகளாம். வெட்டவெளியில படுக்கை. ராத்திரி முறை வச்சுக் காவல்."

"நம்ம கிடைக்காரன் கணக்கா."

"அதத்தான சொல்றேன்."

"இவனுக்குக் குதிரை இருக்குல்ல?"

"அவரு நடந்தே ஊரு ஊரா ஓட்டிக்கிட்டுப் போயி, வயலுக்கு எருவாகட்டும்னு ராத்திரி மாட்ட அடைச்சுக் கிடை போடுறாரே. அப்ப யாரு பெரிய ஆளு?"

தகப்பன் அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்த்தார். தங்கள் ஊர் விலக்கில் இறங்க எழுந்தபோது சொன்னார்.

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வரச் சொல்லு. என்னயக் கண்டதும் தலப்பாவ அவுக்க வேண்டாம்னும் சொல்லு."