இதயத்துக்கு ஒரு டம்ளர்

இல்ல டாக்டர், எங்க வீட்டுக்காரர் வெளியவே உக்காரட்டும். முதல்ல நான் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். அவருக்குப் பொழுது நல்லாவே போகும். பக்கத்துல யார் உக்காந்திருந்தாலும் சரி, பிடிச்சு வெச்சுக்கிட்டு ஒயினோட மகிமையச் சொல்லிட்டிருப்பார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்த மனுஷன். வகுப்பு எடுக்காம இருக்க முடியாது.

சிரிக்காதீங்க டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சு வலின்னு தூக்கிட்டு வந்தப்போ நீங்கதானே சொன்னீங்க, இனிமே பாட்டிலத் தொடவே கூடாதுன்னு? மூணு மாசம் தொடல, அதச் சொல்லணும். அப்புறம் ஒரு நாள் போனத் தூக்கிக்கிட்டு சமையக்கட்டுக்கு ஓடி வரார். திராட்சைத் தோல்ல என்னமோ சத்து இருக்காம். ரத்தக்குழாயெல்லாம் துடைச்சு விட்ட மாதிரி ஆயிடுமாம், மூஞ்சி சுருங்காதாம். அப்ப திராட்சையே வாங்கித் தின்னுங்களேன்னேன். பழத்துல இருக்கறது வெறும் அரிச்சுவடியாம், ஒயின்ல இருக்கறதுதான் பட்டப்படிப்பாம்.

முதல்ல இதயத்துக்குன்னு ஒரு டம்ளர். அடுத்த மாசம் தோலுக்குன்னு இன்னொண்ணு. அப்புறம் தூக்கத்துக்கு. கிட்னி முறை எப்ப வரும்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன்.

சண்டை போட்டா கேக்கற ஆளா? அதனால நானே ஒரு வேலை பண்ணேன். கறுப்பு திராட்சையத் தோலோட கொதிக்க வெச்சு வடிகட்டி, துவர்ப்புக்குப் பால் ஊத்தாத டீ, புளிப்புக்கு ரெண்டு சொட்டு வினிகர். அவர் குளிக்கப் போற நேரமாப் பாத்து பாட்டில்ல மாத்தி ஊத்திடுவேன். முதல் நாள் எனக்கு உயிரே இல்ல. மனுஷன் டம்ளர வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறார், மோந்து பாக்கறார், கண்ண மூடறார். அடடா, இதான்டி பழைய சரக்குங்கறார்! ரெண்டாவது டம்ளர்ல நாக்கு குழற ஆரம்பிச்சிருச்சு. மூணாவதுல என் கையப் பிடிச்சுக்கிட்டு, கல்யாணமான புதுசுல உன்னை ரொம்பத் திட்டிட்டேன்னு ஒரே அழுகை. திராட்சை ஜூஸைக் குடிச்சிட்டு!

ஒரு வருஷமா இதான் நடக்குது. ஈரல் தேறிடுச்சு, கொழுப்பு குறைஞ்சிருச்சுன்னு போன தடவை நீங்க சொன்னீங்களா, வீட்டுக்குப் போற வழியெல்லாம் பாத்தியா, பாத்தியான்னு என் தோளை இடிச்சுக்கிட்டே வந்தார். தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. சந்தோஷமா இருக்கார், இருந்துட்டுப் போகட்டும்.

என்ன கேட்டீங்க? நிஜ ஒயினா? அது... முதல்ல சிங்க்லதான் கொட்டினேன். வாசனை போகல, மாட்டிக்குவேன்னு பயம். வீட்டு முன் ரூம்ல பார்லர் வெச்சிருக்கேன் இல்ல, அங்க கொண்டு போயிட்டேன். பவுடர்ல குழைச்சு மூஞ்சிக்குப் போட்டேன், வர்றவங்களுக்கு ஒரே குஷி. ஒயின் ஃபேஷியல்னு போர்டே எழுதி மாட்டினேன். ஆனா ஒரு மூஞ்சி எவ்வளவு குடிக்கும் சொல்லுங்க? ரெண்டு ஸ்பூன். மிச்சமெல்லாம் அலமாரியில வரிசையா நிக்குது. மத்தியானம் யாரும் வர மாட்டாங்க. அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு ஒரு வாய்...

அப்புறம் கன்னமெல்லாம் செவசெவன்னு ஆயிருச்சு. அக்கா, உங்க மூஞ்சி என்னமா ஜொலிக்குது, என்ன போடறீங்கன்னு எல்லாரும் கேக்க ஆரம்பிச்சாங்க. எல்லாம் திராட்சைதான்மான்னு சொல்வேன். பொய் இல்லியே.

போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணு வந்தா. காலையில பத்து மணி இருக்கும். புருவம் எடுக்க நூலைப் பிடிக்கறேன், கை நிக்கவே மாட்டேங்குது. பாதிப் புருவம் போயிருச்சு டாக்டர். அந்தப் பொண்ணு கண்ணாடியில தன்னைப் பாக்கல, என்னைத்தான் பாத்தா. இரும்மா வரேன்னு உள்ள போய் ஒரு டம்ளர் குடிச்சேன். கை நின்னுருச்சு. அப்புறம்தான் பென்சிலால போன பாதியை வரைஞ்சு விட்டேன்.

அவரோட ரிப்போர்ட் இருக்கட்டும், அது நல்லாத்தான் இருக்கும். அதுக்கு அடியில இன்னொரு கவர் இருக்கு பாருங்க. அது என்னுது. அவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி அதப் பிரிச்சுப் பாத்துடுங்க.