முதல் கவளத்தோடு ஒரு மாத்திரை

— ஹபீப் கம்பவுண்டர் சொன்னதை அப்படியே சொல்றேன், கேட்டுக்குங்க. ‘அம்மா, ஐயாவுக்கு அந்தச் செரிமான மாத்திரை ஒத்துக்கிச்சா?’ன்னார். ‘எங்க ஒத்துக்கிச்சு, வயிறு எரியுதுங்கிறாங்க’ன்னேன். ‘எப்ப போடறாங்க?’ன்னார். ‘விடிகாலையில வெறும் வயித்துல. அப்புறம் மத்தியானம் வரைக்கும் பத்தியம்’னேன். மனுஷன் தலையில கைய வச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டார்.

— அவர் எதுக்குத் தலையில கை வைக்கிறார்? மருந்துன்னா பத்தியம் உண்டு.

— அது லேகியத்துக்குங்க. இது சோத்தைச் செரிக்க வைக்கிற மாத்திரை. உள்ள சோறே இல்லன்னா அது எதைச் செரிக்கும்னு கேக்கறார்.

— என்னைத்தான்.

— ம்க்கும். பத்து நாள் மாத்திரையை வீணாக்கிட்டு பேச்சு மட்டும் குறையல. வாங்க, இலை போட்டாச்சு.

— இரு அமிர்தம்... அது எதுல செஞ்சதுன்னு கேட்டியா?

— அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க. டாக்டர் முதல்ல எழுதினது பன்னியோட கணையத்துலேருந்து எடுக்கறதாம்.

— சிவசிவா.

— பதறாதீங்க. ‘உங்க வீட்டுக்கும் ஆகாது, எனக்கும் தொட ஆகாது, டாக்டர்கிட்ட கேட்டு அன்னிக்கே வேற மாத்தித்தாம்மா குடுத்தேன்’னார். நீங்க போட்டது பப்பாளிக்காய்ப் பால்லேருந்து எடுத்ததாம்.

— தேவலையே. அவர் அல்லாவையும் நம்ம சிவனையும் ஒரே சீட்டுல காப்பாத்திட்டார்.

— சிரிச்சது போதும். முதல் கவளம் வாயில வச்சதும் மாத்திரையப் போட்டுத் தண்ணி குடிக்கணும். கடிக்கக் கூடாது, வாய் புண்ணாயிடும். கொதிக்கக் கொதிக்க ரசம் ஊத்திக்கக் கூடாது, சூட்டுல அதோட சக்தி போயிடுமாம். ஒரு வாரம் மத்தியானத்துக்கு மட்டும். ஒத்துக்கிட்டா ராத்திரிக்கும் ஒண்ணு.

— ஒத்துக்கலன்னா?

— அதான் டாக்டர் சொல்லிட்டாரே. மாசி முடியறதுக்குள்ள சோறு இறங்கலன்னா தஞ்சாவூர்ல படுக்க வச்சு வயித்தைத் திறந்து பாக்கணும். வேட்டி இடுப்புல நிக்கல உங்களுக்கு. கண்ணாடியில பாத்தீங்களா ஒரு நாளாவது?

— சரி... போடறேன்.

— கவளத்தை முதல்ல. ...அவ்வளவு சின்னதாவா? குருவிக்கா வைக்கிறீங்க? ம்... இப்ப மாத்திரை. தண்ணி.

— ம்.

— இன்னொரு வாய்.

— அமிர்தம், இது நம்ம வயல் அரிசி இல்லையே.

— ...ருசி தெரியுதா? நல்லதுதான்.

— எங்க வாங்கினே?

— கீழ்வேளூர்க் கடையில. நாலு நாளாவே இதைத்தான் வடிக்கிறேன்.

— களத்துலேருந்து தையிலதானே அத்தனை மூட்டை வந்துச்சு. மிராசு வீட்டுல கடை அரிசியா? யாராவது கேட்டா என்ன சொல்லுவே?

— எதையாவது சொல்லிப்பேன். வடக்குவெளி நெல்லுல சோறு வச்சா நீங்க இலையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியாதா? இருபத்தோரு வருஷம் இளையபெருமாள் குத்தகைக்கு உழுத மண்ணு. அவன் இல்லாம விளைஞ்ச முதல் நெல்லு.

— அவன் பேச்சை ஏன் இப்ப எடுக்கறே...

— நான் எடுக்கலன்னா? ஆனியில அவன் நிலத்தை விட்டுப் போனதுலேருந்து நீங்க எடுக்கவே இல்லையே.

— குத்தகைப் பதிவுச் சட்டம் வந்துடுச்சு. தாலுகா ஆபீசுல அவன் பேர் ஏறிட்டா நிலம் நம்மகிட்ட திரும்பாதுன்னு ஊர்ல அத்தனை மிராசும் பயந்து கிடந்துச்சு. நான் மட்டும் என்ன பண்ண?

— நான் உங்களைக் கேக்கலங்க. ‘நிலத்தை நானா மனசார விட்டுட்டேன்’னு நீங்க எழுதி வச்ச காகிதத்துல அவன் கைநாட்டு வச்சப்ப, மை டப்பாவை எடுத்து வந்து திறந்து குடுத்தவ நான்தானே.

— நான் கேட்டேன், நீ குடுத்தே.

— கேட்டா குடுத்துடறதா?

— ...படிச்சுக் காட்டுங்கன்னுகூட அவன் சொல்லல அமிர்தம். ‘ஐயா எழுதினா சரியாத்தான் இருக்கும்’னான். எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்.

— நிறுத்தியிருக்க மாட்டீங்க.

— ...மாட்டேன்.

— சாப்பிடுங்க. ஆறுது.

— ஆனா நீ தப்பாக் கணக்குப் போட்டுட்டே. இந்த நெல்லு வந்தது தையில. எனக்குச் சோறு இறங்காமப் போனது கார்த்திகையில.

— கார்த்திகையிலயா?

— ஆமா. நினைச்சுப் பாரு. தீபத்தன்னிக்கு அப்பம் சுட்டு வச்சே. தொட முடியல என்னால.

— ...அப்ப மழை. மழைக்குப் பசி மந்திக்கும்.

— நீ ஏன் முகத்தைத் திருப்பிக்கறே?

— எங்க திருப்பினேன்? மோர் எடுக்கப் போறேன்.

— மோர் உன் பக்கத்துலயே இருக்கு. அமிர்தம், உனக்கும் தெரியுமா?

— எதுங்க?

— வேதாரண்யம் பஸ்ஸுல கண்டக்டரா இருக்கானே நம்ம ராஜாங்கம்... அவன் என்கிட்ட சொன்னான்.

— அவர்கிட்ட நான் அத்தனை தரம் கேட்டுக்கிட்டேனே, ஐயா காதுல போடாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்கன்னு...

— நீ சொல்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போட்டுட்டான். அம்மாவுக்குத் தெரிய வேணாம்டான்னு நானும் அவன்கிட்ட கேட்டுக்கிட்டேன்.

— அட கடவுளே... அப்ப இத்தனை மாசமா...

— உப்பளத்துக் கொட்டகையில மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாள் இளையபெருமாள் இல்ல. வயல்ல நின்னவனை உப்புல நிக்க வச்சது நான். அதுக்கு எந்தப் பப்பாளிப் பால்ல மருந்து இருக்கு?

— எனக்கு ராஜாங்கம் சொன்னப்ப அடுப்படியில உக்காந்து அழுதேங்க. உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பிச்சுட்டேன்.

— அன்னிக்கு வெங்காய சாம்பார்.

— ஞாபகம் இருக்கா?

— அதையும் வச்சுட்டு எந்திரிச்சேன்.

— அவன் பொண்டாட்டி பொன்னுத்தாய் இன்னும் அங்கதான் உப்பு வாரறாளாம்.

— தெரியும். பாத்தேன்.

— பாத்தீங்களா? எப்ப?

— டாக்டரைப் பாக்க நாகப்பட்டினம்னு நாலு தடவை கிளம்பினேனே. டாக்டரைப் பாத்தது ஒரு தடவை.

— மத்த மூணு தடவை?

— வேதாரண்யம் போனேன். உப்பளத்து ஓரத்துல நின்னேன். தலையில முண்டாசு கட்டிக்கிட்டு குனிஞ்சு வாரிக்கிட்டிருந்தா. நிமிரவே இல்ல. நான் அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன்.

— ஒரு வார்த்தை பேசாமயா?

— வடக்குவெளியை அவ பேர்ல குத்தகைப் பதிவு பண்ண மனு எழுதியாச்சு. நான் கையெழுத்தும் போட்டாச்சு. அவ கைநாட்டு வச்சாத்தான் தாலுகா ஆபீசுல வாங்குவாங்களாம். புருஷன்கிட்ட ஒரு காகிதத்தை நீட்டினவன், இப்ப அவகிட்ட இன்னொண்ணை நீட்டி, இங்க வைம்மான்னு... எப்படிக் கேப்பேன்?

— கேட்டுத்தான் ஆகணும். அவ காறித் துப்பினாலும் கேட்டுத்தான் ஆகணுங்க.

— துப்பட்டும். அதுக்கு நான் பயப்படல... மூணு தடவையும் பஸ் ஏறறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வாசல் வரைக்கும் வந்து நின்னேன்.

— செருப்பைத் தேடறீங்கன்னு நினைச்சேன்.

— கேக்க வாய் வரல.

— இப்ப கேளுங்க.

— நீயும் என்கூட வா அமிர்தம். அவ முன்னாடி என்னைத் தனியா நிக்க விடாத.