வம்சப் படத்தில் இல்லாத பெயர்

என் பெயர் சாமுவேல் இரத்தினவேல் பெல்ஃபீல்ட். வயது எழுபத்தொன்று. காலை ஆறரை மணிக்கு எழுந்து, தேநீருக்கு முன் ஒரு குவளை வெந்நீர் அருந்துவேன். கழுத்துப்பட்டி அணியாமல் கீழ்த்தளத்துத் தபாற்பெட்டிவரைகூடச் செல்வதில்லை. என் மனைவி அன்ரனெற் இதனைப் பரிகசிப்பதுண்டு. "தபால்காரனுக்கும் பாடம் எடுக்கப் போறியளோ?" என்பாள். வடமராட்சியில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆங்கிலமும் சரித்திரமும் கற்பித்தவனுக்குச் சில பழக்கங்கள் எளிதில் விலகுவதில்லை.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் இராஜரட்ணம் என்னை ஒரு பக்கமாக அழைத்தார்.

"மாஸ்ரர், தேவசகாயத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. மிச்சத்தை லோயர் பாப்பார். இந்தக் கிழமைக்கை வேணும்."

தேவசகாயம் இப்போது இலங்கையின் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார். கனடாவில் அவர் கூறிய பெயர் மெய்யான பெயர்தான் என்று இரத்த உறவினர் ஒருவர் சத்தியம் செய்தால், அவருடைய அகதி விண்ணப்பத்தை மீண்டும் திறப்பித்து அவரை அங்கிருந்து மீட்க வழியுண்டு என்று சட்டத்தரணி கருதுகிறார். அந்த உறவினன் நான். ஆகவே எழுதுகிறேன்.

ஆங்கிலக் குடும்பப் பெயர் எங்களுக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலிற் கூறுவது முறை. பேதி பரவிய ஓர் ஆண்டில் பெற்றோரை இழந்த இரண்டு சிறுவர்களை மிஷன் விடுதி எடுத்து வளர்த்தது. ஒரு பிள்ளையின் படிப்பை இங்கிலாந்திலிருந்து யார் ஏற்றுக்கொள்கிறாரோ, அவருடைய பெயரையே ஞானஸ்நானத்தின்போது அப்பிள்ளைக்கு இடுவது அக்கால வழக்கம். அவ்விருவரையும் ஏற்ற பெல்ஃபீல்ட் சீமாட்டி இலங்கையைக் கண்டதேயில்லை. இளைய சிறுவன் என் பூட்டன். மூத்தவன் தேவசகாயத்தின் பூட்டன். தேவசகாயம் எனக்குத் தம்பி முறை.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தது எழுபத்தைந்தாம் ஆண்டு. வீடு தேடிய நாட்களில், தொலைபேசியில் "வாருங்கள், மிஸ்டர் பெல்ஃபீல்ட்" என்ற மேற்பார்வையாளர், நேரிற் கண்டதும் வீடு கொடுபட்டுவிட்டது என்றார். மூன்று கட்டடங்களில் இவ்வாறு நிகழ்ந்தது. நான் சினங்கொள்ளவில்லை. என் பெயருக்கும் முகத்துக்கும் இடையே ஒரு விளக்கம் குறைவாயிருக்கிறது என்று மாத்திரம் மனத்திற் குறித்துக்கொண்டேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஸ்காபரோ அங்காடி ஒன்றில், குடும்பப் பெயர்களுக்குரிய கேடயச் சின்னங்களை அச்சிட்டு விற்கும் ஒரு சிறு கடையைக் கண்டேன். பெல்ஃபீல்ட் என்ற பெயருக்கு நீலத் தளத்தில் முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும் வெள்ளிக் கலைமான். வாங்கிச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டினேன். பின்னர் நூலகத்தில் இதுபற்றி வாசித்தபோது மனம் அமைதியிழந்தது. சின்னம் பெயருக்கு உரியதன்று. அது முதன்முதல் யாருக்கு வழங்கப்பட்டதோ, அவருடைய வழித்தோன்றல்களுக்கே உரியது. பெயர் ஒன்றென்பதற்காக அதனை மாட்டுகிறவன் பிறருடைய சட்டையை அணிந்தவனாவான். நான் அப்படிப்பட்டவனல்லன். ஆதலால் எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது.

தோமஸ் பெல்ஃபீல்ட் என்னும் கப்டன் ஒருவர் கண்டிப் பகுதியிற் கோப்பி பயிரிட்டு, மணமாகாமல் இறந்ததாகப் பழைய நூலொன்றில் ஒரு வரி அகப்பட்டது. நான் ஒரு வம்சப் படம் வரைந்து, அதில் அவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மனைவியைக் கொடுத்தேன். ஒரே மகனையும் கொடுத்தேன். அம்மகனுக்கு என் பூட்டனின் பெயரை இட்டேன். பூட்டனின் தமையனை விட்டுவிட்டேன். ஒரே மகன் என்றால் வழி நேராக வரும். கப்டன் இறந்து நூறாண்டுக்கு மேலாகிறது. அவருக்கு இதனால் இழப்பொன்றுமில்லை.

ஒன்ராறியோவிலுள்ள பெல்ஃபீல்ட் குடும்பங்களின் சங்கம் ஆண்டுதோறும் யூன் மாதத்தில் றிச்மண்ட் ஹில் பூங்காவொன்றிற் கூடும். அங்கே என் வம்சப் படத்தை விரித்துக் காட்டினேன். டொறத்தி பெல்ஃபீல்ட் என்னும் மூதாட்டி அதனைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, என் கையைப் பற்றி, "கசின் சாமுவேல்" என்றார். இந்நாட்டில் என்னை முறை சொல்லி அழைத்த முதல் வெள்ளைப் பெண்மணி அவரே. மறு ஆண்டு வம்சப் பதிவுகள் யாவற்றுக்கும் என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். கலைமான் பொறித்த கடிதத்தாள்கள் ஒரு பெட்டி நிறைய எனக்கு வந்தன.

தேவசகாயம் எண்பத்தாறாம் ஆண்டு கார்த்திகையில் வந்தார். தொலைபேசிப் புத்தகத்தில் எங்கள் பெயரைக் கண்டு, பிறம்ரனிலிருந்து மூன்று பஸ் மாறி, ஒரு பெட்டி தோடம்பழத்துடன் வந்திருந்தார். ஊரிற் பஸ் நடத்துநராக இருந்தவர். இங்கே பண்டகசாலையொன்றிற் பெட்டி அடுக்கினார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவருக்குச் சின்னம் கண்ணிற் பட்டது.

"உதென்ன மான், அண்ணை?"

"குடும்பச் சின்னம்" என்றேன்.

"ஆற்றை குடும்பம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்கடை பூட்டன்மார் ரெண்டு பேரும் மிஷன் குசினி வாசலிலை கோப்பையோடை நிண்ட பெடியள். மான் எங்காலை வந்தது? ஆடு எண்டாலும் நம்பலாம்."

அன்ரனெற்றும் சிரித்தாள். "நல்லாய்ச் சொன்னாய் தம்பி. கிழமைக்கு மூண்டு தரம் உதைத் துடைக்கிறார். என்னை ஒருநாளாவது உப்பிடிப் பாத்தவரே, கேள்."

நானும் புன்னகை செய்தேன்.

உணவுக்குப் பின் அவர் விடயத்துக்கு வந்தார். வேறொருவருடைய கடவுச்சீட்டில் வந்திறங்கியவர் அவர். தமிழர் ஒருவருக்குப் பெல்ஃபீல்ட் என்ற பெயர் இருக்க முடியாது, பிறப்புச் சான்றிதழும் விலைக்கு வாங்கியதே என்று குடிவரவு அதிகாரிகள் ஐயுற்றார்கள். மிஷன் ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதியொன்றை அவர் என்னிடம் காட்டினார். இரண்டு சிறுவர்களின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

"என்ரை தம்பியை ஆமி சுட்டுக் கொண்டுபோட்டுது. என்னையும் தேடித் திரிஞ்சவங்கள். நீங்கள் ஒருக்கா வந்து, உவன் எங்கடை ஆள்தான் எண்டு சொன்னாற் காணும், அண்ணை."

யோசிப்போம் என்றேன். அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

நான் யோசித்துக்கொண்டிருக்கையில் அதிகாரிகள் தாமாகவே சங்கத்துக்கு எழுதினார்கள். பதிவேட்டுப் பிரதியையும் இணைத்து, இவர் உங்கள் குடும்பத்தவரா என்று கேட்டிருந்தார்கள். வம்சப் பதிவுகள் என் பொறுப்பாதலால் அக்கடிதம் என்னிடமே வந்தது.

இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டேன். பின்னர் கலைமான் பொறித்த தாளில் விடை எழுதினேன். இலங்கையிலுள்ள பெல்ஃபீல்ட் வழியினர் அனைவரும் இத்துடன் இணைத்த படத்தில் உள்ளனர். குறித்த நபர் அதில் இல்லை. பதிவேட்டுப் பிரதியை நம்பத்தக்க சான்றாகக் கொள்ளவியலாது. சங்கத்தின் பெயரால் கிறுக்கலாக ஒரு முதலெழுத்து மாத்திரம் இட்டேன். அவர்கள் கேட்டது பதிவுகளைப் பற்றி. படத்தில் அவர் இல்லை என்பது உண்மை. அதை வரைந்தவன் யார் என்று அவர்கள் கேட்கவில்லை.

விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்ததாம். அன்று மாலை தேவசகாயம் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆரோ வெள்ளைக்காரச் சங்கமாம் அண்ணை, நான் அந்த ஆள் இல்லையெண்டு எழுதிப்போட்டுதாம். பாவம், அவைக்கு என்னைத் தெரியாதுதானே. உங்களுக்கு ஆரும் பழக்கமெண்டா ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்."

கதைத்துப் பார்க்கிறேன் என்றேன். அதன்பின் அவர் பலமுறை அழைத்தார். மணி ஒலிக்கும்போது நான் குளியலறையில் இருப்பேன்.

மேன்முறையீடும் தோற்று, இவ்வாண்டு மாசி மாதம் அவரை விமானத்தில் ஏற்றினார்கள். அன்ரனெற் வழிக்கென்று புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக்கொடுத்தாள். நான் என் கம்பளிச் சால்வையைக் கொடுத்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவரை அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமிலிருந்து விடுபட்ட ஒருவர், தேவசகாயத்தின் கால்கள் ஊன்ற முடியாதிருப்பதாக அவருடைய மனைவி மனோரஞ்சிதத்திடம் கூறியிருக்கிறார். மனோரஞ்சிதம் போதகருக்கு எழுதினார். போதகர் என்னிடம் வந்தார்.

"நீங்கள் ஒரு தாள் எழுதிக் குடுத்தால் அந்தப் பிள்ளை உயிரோடை வரும். உதுக்கென்ன யோசனை?" என்று நேற்று அன்ரனெற் கேட்டாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

நான் இதில் எதையும் மறைக்கவில்லை. இருமுறை வாசித்தேன், திருத்த ஒன்றுமில்லை. ஆயினும் இதனைக் கொடுத்தால் படம் பொய்யென்று ஆகும். டொறத்தி அம்மையாருக்கு எண்பத்தொன்பது வயது; அவர் மனம் உடைந்துபோவார். எவரையும் நோகச் செய்வது என் இயல்பன்று.

ஆகவே போதகருக்கென வேறொரு தாளில் நான்கு வரிகள் எழுதியிருக்கிறேன். தேவசகாயம் என்பவர் ஒருமுறை என் வீட்டுக்கு வந்ததுண்டு, நல்ல மனிதர், எனக்கு உறவினரல்லர். அதிற் கையெழுத்திட்டு நாளைக் காலை கொடுப்பேன்.