இடக்கையால் அளந்த அரிசி

மரக்கட்டையில் மண்வாசம் எழுப்பியவரே! கம்பம் பள்ளத்தாக்கின் கமலையையும் களத்தையும் கண்ணீரையும் கடைத்தெருச் சுவரில் காணச் செய்த கலைஞரே! எங்கள் அச்சகத்தின் உளியரசே, உயர்திரு ராக்கையா அவர்களே! வணக்கம்.

மரத்தில் இடமாகச் செதுக்கினால்தான் தாளில் வலமாக விழும். அதில் தடுமாறி, முருகனுக்கே இடக்கையில் வேல் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட அச்சகங்கள் உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளில் உங்கள் உளி ஒருமுறையும் தடுமாறியதில்லை. உங்கள் உழவன் வலக்கையால் விதைத்தான். உங்கள் நடவுப் பெண் வலக்கையால் நட்டாள்.

கடந்த தையில் பொங்கல் படத்தாளுக்கு நீங்கள் செதுக்கியது ரேஷன் கடை. களத்து நெல்லைச் சர்க்கார் வண்டி ஏற்றிப் போனபின், விளைத்தவளே முந்தானை ஏந்தி நிற்கிறாள்; கடைக்காரன் இடக்கையால் அரிசி அளந்து போடுகிறான். தேனிச் சந்தையில் அதைப் பார்த்த மொக்கம்மாள் என்னும் சம்சாரிப் பெண், "இப்படித்தான் எங்களுக்குப் போடுறாக. பிச்சைக்காரனுக்குக்கூடச் சோத்தாங்கையாலதானே போடுவாக?" என்றார். கூட்டம் கூடிவிட்டது.

மறுநாள் அதிகாரி பூட்டோடு வந்தார். இடக்கை வேண்டுமென்றே செதுக்கியதானால் அச்சகத்தை மூடுவதாகச் சொன்னார். எட்டுக் குடும்பங்களின் உலை உங்கள் வாய்ச்சொல்லில் தொங்கியது. எவருக்கும் தலை தாழ்த்தாத நீங்கள் தலை தாழ்த்திச் சொன்னீர்கள்:

"கண்ணு மங்கிருச்சுங்க. கை மாறி விழுந்துருச்சு."

அவர் சிரித்தார். கண் மங்கியவனுக்கு உளி எதற்கு என்று முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போனார். இன்றைய பிரிவுபசாரம் அந்தக் கேள்வியின் பதில்தான்.

பிழையே அறியாத பெருந்தகையே! செய்யாத பிழையைச் சுமந்து செல்கிறீர்கள். விழா நோட்டீஸில் 'பார்வைக் குறைவால் ஓய்வு' என்று அச்சாகியிருக்கிறது. ரேஷன் கடையில் அதே இடக்கை இன்றும் அளக்கிறது. அதைச் செதுக்க இனி இங்கே ஆளில்லை. ஆளிருந்தாலும் அச்சிட எங்களுக்குத் துணிவில்லை.

நூறாண்டு வாழ்க என்று நா எழுகிறது. எதை உண்டு வாழ்வீர்கள் என்ற நினைப்பு அதைத் தடுக்கிறது. ஆயினும் வாழ்க, உங்கள் துணைவியார் அய்யம்மாள் அவர்களோடு, நோயற்று, நெடுங்காலம்!

கதவைச் சாத்திக்கொண்டு வாசித்த இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். எங்கள் உலையை எண்ணி, எழுத்து சுவரைப் பார்த்திருக்கும்படி மாட்டிக்கொள்ளுங்கள்.

இவண்,
உங்கள் சொல்லால் சோறுண்ணும்
அச்சகத் தொழிலாளர்கள்

உத்தமபாளையம்
பார்த்திப வருடம், பங்குனி