குடும்ப சமேதராய்

நெடுந்தீவுக்குப் புறப்பட்ட காலைப் படகில், என் அருகே அமர்ந்திருந்த நடுவயது மாது எதிரிலிருந்த கணவன் மனைவியை நோக்கி வினவினாள்:

“பிள்ளையளை எங்கை வித்துப்போட்டு வாறியள்?”

பட்டுச்சேலையின்மீது துவாயைப் போர்த்தித் தெறிக்கும் உப்புநீரைத் தடுத்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள்.

“மூண்டையும் ஒருதரும் வாங்கேல்லை, அக்கா. சரவணையிலை மச்சாளிட்டை விட்டிட்டு வாறம். என்ரை சிநேகிதிக்குக் கலியாணம்.”

“கலியாணத்துக்குக் குடும்ப சமேதராய் எண்டெல்லோ அழைப்பிலை போடுறவை?”

“ஓம். இவரும் நானும்தான் குடும்பம். பிள்ளையள் பிறகு வந்து சேந்தவை.”

படகிலிருந்தோர் நகைத்தனர். கணவன் மட்டும் விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்த்தான்.

“இஞ்சாரும், சின்னவன் இரவிலை தேடுவான். சாப்பிட்டிட்டுப் பின்னேர வள்ளத்திலை திரும்புவமே?”

“கலியாணங்கட்டின நாள் துவங்கி ஒரு இரவும் நான் ஆறுதலாய்ப் படுக்கேல்லை. நாளைக்குத்தான் வருவன். வேணுமெண்டால் நீங்கள் போங்கோ.”

“பெத்த மனம் கேக்குமோ, பிள்ளை?” என்றாள் மாது.

“நேற்று முழுக்க நானும் அதைக் கேட்டுப் பாத்தனான், அக்கா. போயிட்டு வா எண்டுதான் சொன்னது.”

நெடுந்தீவுத் துறையில் கயிற்றை எறிந்த படகோட்டி, பின்னேரம் திரும்புவோர் யாரென உரக்கக் கேட்டான். மாது கையை உயர்த்தினாள். கணவன் மனைவியின் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தான். பின்னர் முதலில் இறங்கி, அவளுக்குக் கை நீட்டினான்.

“எங்களைப் பாத்துக்கொண்டு நிக்காதை, தம்பி,” என்றான். “நாளைக்கும் இல்லை, நாங்கள் நாளையிண்டைக்குத்தான்.”