முன் படம், பின் படம்

தேநீருக்கு நன்றி, சார்ஜென்ட். நகரக் குழாய்நீரில் போட்டது என்பதை முதல் மிடறிலேயே உணர்ந்தேன். நீச்சல்குளத்தின் வாடை வீசுகிறது. இதைக் குறையாகக் கூறவில்லை. ஹுவோன் ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குக் கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்த மழைநீரைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்குவதில்லை. அந்தத் தொட்டிகளைக் கழுவிக் கொடுப்பதே என் தொழில். கார்த் பைபஸ் என்னும் பெயருடன், வேனுக்கு முன்னால் கைகட்டி நிற்கும் என் படத்தை எங்கள் வலைத்தளத்தின் முதற்பக்கத்திலேயே காணலாம். அதில் நான் சற்றுப் பருமனாகத் தெரிவேன். ஆயினும் அதனை மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவதே என் இயல்பு.

வலைத்தளம் என் மனைவி ரேலீனின் யோசனை. “ஊரே போன்லதான் ஆள் தேடுது. நீ இன்னும் பெட்ரோல் பங்க் சுவத்துல சீட்டு ஒட்டிட்டிரு” என்று அவள் பலமுறை இடித்துரைத்த பின், நூலகத்தில் நகரமன்றம் நடத்திய இலவச வகுப்பில் சேர்ந்தேன். பிலிப்பா கோர்லே என்னும் அம்மையார் பாடம் நடத்தினார்.

“நெட்ல சுட்ட படம் மட்டும் வேணாம். சொந்த வேலை, சொந்தப் படம். ஒரே ஒரு பொய்ப்படம் போட்டாலும் ஜனங்க மோப்பம் புடிச்சிருவாங்க” என்றார் அவர்.

அச்சொற்கள் என் நெஞ்சில் பதிந்தன. ஏனெனில் எங்கள் பகுதியிலேயே வேறொரு தொட்டிக்காரன் தன் தளத்தில் போட்டிருந்த படத்தில், தொட்டிக்குப் பின்னால் தென்னைமரம் நின்றது. உறைபனி விழும் ஆப்பிள் பூமியான டாஸ்மேனியாவில் தென்னைமரம். மதுக்கடையில் அவனுக்கு ‘இளநீர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆகவே நான் உண்மையான படங்களையே இட்டேன்: கழுவுவதற்கு முன் ஒன்று, கழுவிய பின் ஒன்று. இடர் என்னவெனில், அவ்விரண்டும் அண்ணன் தம்பியைப் போல் இருந்தன. அடியில் படிந்த வண்டலைப் பார்த்து எவரும் பதறுவதில்லை. இந்நிலையில், கிளைவ் வூலி என்னும் வாடிக்கையாளரின் தொட்டியில், போசம் என்னும் மரமேறும் விலங்கு ஒன்று, பூனையளவு கொழுத்தது, விடுமுறைக்கு வந்ததுபோல் மல்லாந்து செத்து மிதந்தது. அப்படத்தை இட்ட அன்று, ரேலீன் உருளைக்கிழங்கைப் பாதி தோலோடு விட்டுவிட்டுத் தொலைபேசியிலேயே நின்றாள்.

அதன்பின் வந்த தொட்டிகளிலோ மீண்டும் வெறும் வண்டல்தான். தொலைபேசி அடங்கிவிட்டது. பழைய போசத்தையே வேறு கோணத்தில் போடலாமே என்றாள் ரேலீன். நான் மறுத்தேன். பொய்ப்படம் எனக்கு ஒவ்வாது. எனவே, உண்மையை ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

மரம் ஏற்றும் லாரிகள் எங்கள் சாலைகளில் ஒவ்வொரு விடியலிலும் போசங்களைத் தாராளமாக அடித்துப் போட்டுச் செல்கின்றன. வேனில் ஒரு மண்வெட்டியும் கோணிப்பையும் வைத்துக்கொண்டேன். வீட்டார் வெளியே சென்றிருக்கும் வேளையில் தொட்டி மூடியைத் தூக்குவேன், உள்ளே இடுவேன். சில நாள் கழித்து இலவசப் பரிசோதனைக்குச் செல்வேன். உரிமையாளர் எட்டிப் பார்ப்பார், வாயைப் பொத்துவார், நான் படம் எடுப்பேன். பிறகு எவ்விதக் குறையுமின்றிக் கழுவிக் கொடுப்பேன். தளத்தில் உள்ள பாராட்டுரைகள் அனைத்தையும் அவர்களே மனமுவந்து எழுதினர். தனக்குத்தானே பாராட்டு எழுதிக்கொள்ளும் இழிசெயலை நான் செய்ததில்லை.

எல்லாம் செவ்வனே நடந்துகொண்டிருந்தபோதுதான் ஓர்மண்ட் ஃபீபி எழுதினார். ஆப்பிள் தோட்டக்காரர், சொந்தமாக சைடர் என்னும் ஆப்பிள் மது தயாரிப்பவர், என் வாடிக்கையாளர்கூட அல்லர். ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்து, “கார்த் எட்டிப் பாக்குற தொட்டியில மட்டும்தான் போசத்துக்குச் சாகத் தோணுது. கூடவே கூட்டிட்டு வர்றான்போல” என்று பதிந்திருந்தார்.

அவர் வேடிக்கைக்காகவே எழுதினார் என்பதை அறிவேன். ஆனால் மதுக்கடை முழுவதும் சிரித்தது. உறுதியாகியிருந்த வேலைகள் கைநழுவின. குறை கூறுபவரிடம் சினம் கொள்ளாமல், நம் சேவையை நேரில் காண அழைக்க வேண்டும் என்று வகுப்பில் கற்பித்திருந்தார்கள். அவ்வாறே பணிவாகப் பதில் எழுதிவிட்டு, அவர் வீட்டுக்கும் சென்றேன்.

“ஓர்மி, உன் தொட்டிய ஓசியிலயே கழுவித் தர்றேன். ஒரே ஒரு படம் எடுத்துக்கறேன்.”

“எங்கப்பன் காலத்துலருந்து மூடியே தொறக்கல மச்சான். உள்ள எதாச்சும் செத்துக் கெடந்தா, அதான் என் சைடருக்கு ருசியே. போ, போயி உன் போசத்தைக் குளிப்பாட்டு.”

சமையலறைச் சன்னலில் அவர் மனைவி ஐரிஸ் சிரித்தார். ஐரிஸுக்குத் தமக்கையின் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருந்தது. அதற்கான மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுவதால், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அதனால் ஓர்மண்ட் அவரைக் ‘கெட்டில்காரி’ என்று கேலி செய்வார். இவையனைத்தும் எனக்குத் தெரியும். ஐரிஸ் ஹோபார்ட் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள்களில் ரேலீன் சுட்ட இறைச்சி அப்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அண்டை வீட்டார் என்ற முறையில் நாங்கள் ஒரு குறையும் வைத்ததில்லை.

அவர்கள் விவசாயக் கண்காட்சிக்குச் சென்றிருந்தபோது ஒன்றை இட்டேன். அழைப்பு வரவில்லை, ஓர்மண்டுக்கு இரும்பு வயிறு. பிறகு மேலும் இரண்டை இட்டேன். அவற்றுள் ஒன்று முழுமையாக இறந்திருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மீதியைத் தொட்டி பார்த்துக்கொண்டது.

அதன்பின் ஐரிஸ்தான் அழைத்தார்.

“கார்த், ஓர்மி தோட்டத்துல இருக்காரு, சீக்கிரம் பேசிடறேன். தண்ணியில ஏதோ வாடை. கொதிக்க வெச்சாலும் போகல. அவருக்குத் தெரியாம வந்து கழுவிட்டுப் போயிடறீங்களா?”

நான் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். மறைவாகக் கழுவினால் படம் கிடையாது, பாராட்டுரை கிடையாது, அந்த ஒற்றை நட்சத்திரம் அப்படியே நிற்கும். மாறாக, வீட்டில் எவருக்கேனும் இலேசாக வயிறு கலங்கினால், ஓர்மண்ட் தாமாகவே என்னை அழைத்தாக வேண்டும்.

“அன்னைக்கு வந்தப்பவே எட்டிப் பாத்தேன் ஐரிஸ். கண்ணாடி மாதிரி இருக்கு. வாடை குழாயோடது. கொதிக்க வெச்சாதான் அது தூக்கும். சும்மா அப்படியே குடிங்க.”

“நெசமாவா? அப்பாடா. உங்க வெப்சைட்டுல ஒவ்வொருத்தரும் எழுதினதப் படிச்சேன், அதான் உங்களைக் கேட்டேன். அந்த மனுசன் கெட்டில்காரின்னு கூப்பிடறது இன்னியோட ஒழிஞ்சுது.”

ஓர்மண்டுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவே. அதற்கும் அவர் தம் சைடரையே குறை கூறினார். ஐரிஸைத்தான் ஹோபார்ட்டுக்குக் கொண்டுசென்றார்கள். அவர் திரும்பவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் ஓர்மண்ட் தம் கையாலேயே மூடியைத் திறந்தார். ஆகையால் நான் இங்கே அமர்ந்திருக்கிறேன். ஆம், மூன்றையும் நானே இட்டேன். சிறுநீரகம் பற்றி அறிந்திருந்தேன். கொதிக்க வைக்க வேண்டாம் என்றதும் நானே. எங்கு வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன்.

ஆயினும் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். கல்லறைத் தோட்டத்தில், எதுவும் தெரியாத நிலையில், ஓர்மண்ட் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

“தண்ணி எப்படின்னு டாக்டருங்க கேட்டாங்க மச்சான். ‘கார்த் பாத்து, சுத்தம்னு சொல்லிட்டாரு’ன்னு ஐரிஸ் அடிச்சுச் சொன்னா. அப்புறம் அவங்க தண்ணியப் பத்தி யோசிக்கவே இல்ல.”

நினைவு தப்பும் தறுவாயிலும் ஒரு வாடிக்கையாளர் என் பெயருக்காக வாதாடியிருக்கிறார். அத்தகைய நம்பிக்கையை வலைத்தளம் மட்டும் ஈட்டித் தந்துவிடாது, சார்ஜென்ட். அதற்கு நேர்மை வேண்டும்.